வண்டி ஸ்டார்ட் ஆகலையா? மலைநாட்டு ஆளுங்க அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் பெரிய இன்ஜினியர் எல்லாம் இல்ல. இலங்கை மலைநாட்டுல ஹட்டன் பக்கத்துல ஒரு கராஜ்ல எட்டு வருஷம் ஒரு பாஸ்கிட்ட (மெக்கானிக்க இங்க பாஸ்னுதான் சொல்லுவோம்) கைவேலை பார்த்தேன், இப்ப தலவாக்கலையில சொந்தமா வேன் ஓட்டுறேன். ஆனா மார்கழி தை மாசம் வந்துட்டா விடியக்காலை அஞ்சரைக்கே போன் அடிக்கும், எடுத்தா யாராவது ஒருத்தர் "அண்ணே வண்டி ஸ்டார்ட் ஆகுதில்ல, புள்ளைக்கு டியூசன் இருக்கு"ன்னு நிப்பாங்க. எல்லாருக்கும் ஒரே பதில தனித்தனியா சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் மொத்தமா எழுதிப்போட்டேன்.

சாவிய திருப்பினேன், ஸ்டார்ட் ஆகல. என்னவா இருக்கும்?

இதுக்கு நான் திருப்பி ஒரு கேள்விதான் கேப்பேன்: என்ன சத்தம் வந்திச்சு? பொனட்ட தொறக்க முன்னாடி, பெட்டரிய குத்தம் சொல்ல முன்னாடி, கண்ணாடிய ஏத்திவிட்டு ரேடியோவ நிப்பாட்டிட்டு இன்னொருக்கா திருப்பி காத குடுத்து கேளுங்க. டக டக டக டகன்னு வேகமா அடிச்சா கரண்ட் பத்தல. ஒரே ஒரு டக் மட்டும் வந்து அமைதியானா இஞ்சின முதல்ல சுத்திவிடுற ஸ்டார்ட்டர் மோட்டர் பக்கம் பாக்கணும். ஒரு சத்தமும் இல்ல, டேஷ்போர்ட் லைட்டும் இல்லன்னா டெர்மினல் கழண்டிருக்கும் இல்லாட்டி பெட்டரி முழுசா செத்திருக்கும், லைட் எல்லாம் நல்லா எரிஞ்சும் சத்தமே வரலைன்னா ஆட்டோ கியர் பி-ல இல்ல, மெனுவல்னா கிளச் முழுசா மிதிக்கல, இல்லாட்டி சாவி சுவிட்ச். இஞ்சின் நல்லா சுத்துது ஆனா புடிக்கல, அப்படின்னா பெட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, பெட்ரோல் இல்லாட்டி நெருப்பு ரெண்டுல ஒண்ணு போய் சேரல. விர்ர்ர்னு தையல் மெஷின் மாதிரி லேசா சுத்தினா, அது ஸ்டார்ட்டர் பல்லு புடிக்காம தனியா சுத்துது, இல்லாட்டி டைமிங் பெல்ட் அறுந்திருக்கு. பெல்ட்டுன்னு சந்தேகம் வந்தா மேல மேல செல்ப் அடிக்காதீங்க (சாவிய திருப்பி ஸ்டார்ட்டர சுத்தவிடாதீங்க), வால்வு வளைஞ்சா செலவு பத்து மடங்காகும்.

டக டக டகன்னு அடிக்குது. புது பெட்டரி வாங்கவா?

வேணாம், இருங்க. முதல்ல டெர்மினல பாருங்க. வெள்ளையும் பச்சையுமா பொடி பூத்திருக்கும், சுண்ணாம்பு தடவின வெத்தில மாதிரி. டெர்மினல கையால புடிச்சு திருப்பிப் பாருங்க, அசைஞ்சா அதுதான் கதை. 10ஆம் நம்பர் ஸ்பேனரால மைனஸ் பக்கத்த முதல்ல கழட்டி அப்புறம் பிளஸ்ஸ கழட்டி, கொஞ்சம் அப்பச்சோடாவ தூவி கேத்தல்ல உள்ள சுடுதண்ணிய மெதுவா ஊத்துங்க, நொரைச்சுக்கிட்டு வரும். பெட்டரி மூடிக்குள்ள அந்தத் தண்ணி போயிடக்கூடாது. தொடைச்சு, உப்புத்தாளால மினுக்கி, பிளஸ்ஸ முதல்ல போட்டு இறுக்கி, மேல வாஸ்லின் கொஞ்சம் தடவிவிட்டா போதும்.

என் சொந்தக் கதைய சொல்றேன், சிரிக்காதீங்க. என்னோட பழைய கார்புரேட்டர் சன்னி கார் ஒரு நாள் இப்படித்தான் டக டகன்னு அடிச்சது. எட்டு வருஷம் கராஜ்ல நின்னவன், டெர்மினல பார்த்தேன் சுத்தமா இருந்திச்சு, உடனே டவுனுக்குப் போய் புது பெட்டரி வாங்கி மாட்டினேன். மூணு நாள் ஓடிச்சு. நாலாம் நாள் அதே டக டக. கடைக்காரர் பெட்டரி நல்லாத்தான் இருக்குன்னார், நான் அவரோட சண்டை. கடைசியில எங்க பழைய பாஸ் வந்தார், பெட்டரிய பாக்கவே இல்ல, குனிஞ்சு இஞ்சின்ல இருந்து வண்டி பொடிக்கு (இரும்பு உடம்புக்கு) வர்ற எர்த் வயர புடிச்சு இழுத்தார், கையோட வந்திச்சு. உள்ளுக்குள்ள உளுத்துப்போய் நாலஞ்சு நூல்தான் மிச்சம். அந்த வயரோட வெல ஒரு சாப்பாட்டுப் பார்சல் காசுதான். அதனால பெட்டரி வாங்க முன்னாடி ரெண்டு பக்க வயரையும் கடைசி நுனி வரைக்கும் பாருங்க.

மீட்டர் வச்சு பார்க்க தெரியும், எவ்வளவு காட்டணும்?

ராத்திரி நிப்பாட்டின வண்டியில காலையில 12.6 வோல்ட் கிட்ட இருந்தா ஃபுல் சார்ஜ். 12.4ன்னா முக்கால்வாசி, 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போனா கிட்டத்தட்ட காலி. ஆனா நம்பர மட்டும் பார்த்து ஏமாறாதீங்க, வயசான பெட்டரி சும்மா இருக்கும்போது 12.5 காட்டும், செல்ப் அடிச்சதும் படுத்துரும். ஒருத்தர சாவி திருப்ப சொல்லிட்டு அந்த நேரம் மீட்டர பாருங்க, 9.6க்கு கீழ விழுந்தா பெட்டரி முடிஞ்சுது. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8ல இருந்து 14.5க்குள்ள நிக்கணும், அது வரலைன்னா ஆல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது கரண்ட் எடுத்துக் குடுக்கிற சாமான்) சார்ஜ் பண்ணல, எத்தன பெட்டரி மாத்தினாலும் ரெண்டு நாளுக்கு அப்புறம் அதே கதைதான்.

இன்னொண்ணு. ஓடுற இஞ்சின்ல பெட்டரி டெர்மினல கழட்டிப் பார்த்து "சார்ஜ் பண்ணுது பண்ணல"ன்னு சொல்ற பழைய பழக்கம் சில பாஸ்மாருக்கு இன்னும் இருக்கு. பழைய காலத்து வண்டிக்கே நல்லதில்ல, கம்பியூட்டர் உள்ள வண்டியில அப்படி செஞ்சா வோல்டேஜ் தாறுமாறா ஏறி போர்ட் கருகும். யாராச்சும் கை வச்சா தட்டிவிடுங்க.

கொழும்புல நல்லா இருக்கிற பெட்டரி நுவரெலியா வந்தா மட்டும் ஏன் காலையில மக்கர் பண்ணுது?

குளிர்தான். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜனவரி பெப்ரவரியில சில காலையில புல்லு மேல பனி உறைஞ்சு வெள்ளையா கிடக்கும், நீங்களே பார்த்திருப்பீங்க. பெட்டரிக்குள்ள நடக்கிறது ரசாயன வேலை, குளிர்ல அது மந்தமாயிரும். அதே நேரம் இஞ்சின் ஒயிலும் தேன் மாதிரி கெட்டியாகி சுத்துறதுக்கு கூட பலம் கேக்கும். வரவு குறையுது, செலவு கூடுது. கொழும்புல அந்த பெட்டரி ஏற்கனவே பாதி செத்ததுதான், சூட்டுல அது வெளிய தெரியல. உண்மைய சொன்னா பெட்டரிய கொல்றது கொழும்பு சூடு, பழி விழுறது நம்ம குளிர் மேல.

ஒயில்லயும் கவனம் இருக்கணும். புக்ல 10டபிள்யூ-30 (ஒயில் எவ்வளவு கெட்டிங்கிற நம்பர்) போட சொல்லியிருக்கிற வண்டிக்கு "கெட்டியா இருந்தா இஞ்சினுக்கு நல்லது"ன்னு 20டபிள்யூ-50 ஊத்திட்டு காலையில செல்ப் இழுத்து இழுத்து அடிக்குதுன்னு சொன்னா நான் என்ன செய்ய. சாவி திருப்ப முன்னாடி லைட்டு, ஹீட்டர் ஃபேன், போன் சார்ஜர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, மெனுவல் வண்டின்னா கிளச்ச மிதிச்சுக்கிட்டே அடிங்க, கியர் பொக்ஸ் ஒயில சுத்துற பாரம் குறையும். பத்து செக்கனுக்கு மேல ஒரேயடியா அடிக்காதீங்க, அரை நிமிஷம் விட்டு திரும்ப.

ஜம்பர் கேபிள் எந்த வரிசையில மாட்டணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

சிவப்ப செத்த பெட்டரி பிளஸ்ல, மத்த நுனிய நல்ல பெட்டரி பிளஸ்ல. கறுப்ப நல்ல பெட்டரி மைனஸ்ல, கடைசி நுனிய செத்த வண்டி பெட்டரியில போடாம இஞ்சின்ல பெயின்ட் இல்லாத இரும்புத் துண்டுல, பெட்டரிக்கு தள்ளி. ஏன்னா கடைசி கனெக்சன்ல பொறி பறக்கும், பெட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ரெண்டும் பக்கத்துல இருந்தா வெடிக்கலாம். பீடி சிகரட் எல்லாம் அந்தப் பக்கம் போய் குடிங்க. மாட்டின உடனே செல்ப் அடிக்காம நல்ல வண்டிய அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுட்டு அடிங்க. கழட்டும்போது மாட்டினதுக்கு நேர் எதிர் வரிசை. பிளஸ் மைனஸ் மாறிடுச்சுன்னா பியூஸோட போனா அதிர்ஷ்டம், ஆல்டர்னேட்டரும் கம்பியூட்டர் போர்டும் போறதுக்கு ஒரு செக்கன் போதும், அதனால டோர்ச் அடிச்சு ஒவ்வொரு குறியையும் பார்த்து மாட்டுங்க.

எங்க வீடு மேட்டுல, உருட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணிக்கிறேன். தப்பா?

தோட்டத்துல பாதி பேர் அதுக்காகத்தான் மூக்கு பள்ளத்த பார்க்கிற மாதிரி நிப்பாட்டி டயருக்கு கல்லு வைக்கிறோம், நானும் செஞ்சிருக்கேன். மெனுவல் கியர் வண்டின்னா முடியும். சாவிய ஓன்ல போட்டு, கிளச் மிதிச்சு, ரெண்டாம் கியர்ல வச்சு, உருண்டு கொஞ்சம் வேகம் வந்ததும் கிளச்ச பட்டுன்னு விட்டு புடிச்சதும் திரும்ப மிதிக்கணும். முதலாம் கியர்ல வேணாம், டயர் இழுத்துக்கிட்டு குலுங்கும். ஆட்டோ கியர், ஹைபிரிட்டுக்கு (பெட்ரோலும் கரண்டும் சேர்ந்து ஓடுற வண்டி) இந்த வேலை சரிவராது, சும்மா பாடுபடாதீங்க.

ஆனா இஞ்சின் ஓடாத வண்டியில பிரேக்குக்கு வேக்யூம் உதவி கிடையாது, ரெண்டு மூணு தரம் மிதிச்சதுக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிரும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துரும், சாவிய வெளிய எடுத்துட்டீங்கன்னா ஸ்டியரிங் லொக்கே ஆயிரும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுங்க) ரோட்டுல ஒரு பக்கம் தேயிலை ஒரு பக்கம் பள்ளம், அதுல புள்ளைங்க ஸ்கூலுக்கு நடக்கிற நேரம். நேரான ரோடு, கீழ மேடேறி முடியிற மாதிரி இடம், இல்லன்னா செய்யாதீங்க. பெட்டரியில கொஞ்சம்கூட உசுரு இல்லன்னா உருட்டியும் பிரயோஜனம் இல்ல, பம்புக்கும் கொயிலுக்கும் கரண்ட் வேணும்.

ஒரே ஒரு டக். லைட் எல்லாம் பளிச்சுன்னு எரியுது.

ஸ்டார்ட்டர் மோட்டர்ல கரி பிரஷ் தேஞ்சிருக்கும் இல்லாட்டி சொலனொய்ட் (மோட்டருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) ஒட்டுது. ஒருத்தர் சாவிய திருப்பிக்கிட்டு இருக்கும்போது ஸ்பேனர் பிடியால மோட்டர் உடம்புல நாலு தட்டு தட்டுங்க (வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, டயருக்கு கல்லு வச்சு). ஸ்டார்ட் ஆயிட்டா அது குணமாகல, உங்களுக்கு ஒரு நாள் தவணை குடுத்திருக்கு, நேரா கராஜுக்கு விடுங்க.

செல்ப் சூப்பரா அடிக்குது, ஸ்டார்ட் மட்டும் ஆகல. நேத்து பூரா மழை.

மழை கொட்டுற வட்டவளை, கினிகத்தேனை பக்கம் ஆளா இருந்தா நான் கண்ண மூடிக்கிட்டு ஈரம்னு சொல்லுவேன். பழைய வண்டியில டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு ப்ளக்குக்கும் நெருப்ப பிரிச்சு விடுற சாமான்) மூடி, ப்ளக் வயர் இதுல ஈரம் ஏறினா நெருப்பு ப்ளக்குக்கு போகாம வழியிலேயே வண்டி பொடிக்கு ஓடிரும். இத கண்ணால பார்க்கலாம். ராத்திரி மிஸ்ட் (பனிமூட்டம்) நேரம் எல்லா லைட்டையும் அணைச்சுட்டு பொனட்ட தொறந்து வச்சு ஒருத்தர செல்ப் அடிக்க சொல்லுங்க, வயர் வெடிச்ச இடத்துல நீலமா மின்மினிப்பூச்சி மாதிரி பளிச் பளிச்னு தாவும், டிக் டிக்னு சத்தமும் கேக்கும். கையால மட்டும் தொடாதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட். காஞ்ச துணியால மூடிய உள்ளயும் வெளியயும் தொடைச்சு, டபிள்யூ.டி. 40 இருந்தா லேசா அடிச்சு விடுங்க. எங்க அம்மாவோட ஹேர் டிரையர்ல காயவச்சு ஸ்டார்ட் பண்ணியிருக்கேன், அம்மா ஒரு வாரம் பேசல. நீலம் தெரிஞ்சா அந்த வயர் செட்ட மாத்தணும், டேப் சுத்தினா அடுத்த மழைக்கு திரும்ப வரும்.

இன்ஜெக்சன் வண்டின்னா (கம்பியூட்டர் கணக்குப் பார்த்து பெட்ரோல் பீச்சுற வண்டி) சாவிய ஓன்ல போட்டதும் பின் சீட்டுக்கு கீழ ரெண்டு செக்கன் ம்ம்ம்னு பம்ப் சத்தம் வருதான்னு கேளுங்க. வரலைன்னா பியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். பியூஸ் பெட்டியில ஹோர்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே நம்பரா இருந்தா மாத்திப் போட்டுப் பாருங்க, காசு செலவில்லாத டெஸ்ட். பம்ப் ஓடியும் புடிக்காம பெட்ரோல் வாசம் வந்தா ப்ளக் நனைஞ்சிருக்கு, எக்சிலேட்டர தரை வரைக்கும் மிதிச்சுக்கிட்டே செல்ப் அடிங்க. நிறைய இன்ஜெக்சன் வண்டிங்க அப்படி மிதிச்சா பெட்ரோல வெட்டிட்டு காத்த மட்டும் உள்ள விடும், நனைஞ்ச ப்ளக் காயும்.

டேங்க்ல பெட்ரோல் இருக்கு, ஆனா மேட்டுல நிப்பாட்டினா மட்டும் ஸ்டார்ட் ஆகாது. பேயா?

பேய் இல்ல, சரிவு. டேங்க்ல கொஞ்சமா இருக்கும்போது வண்டிய சரிவுல நிப்பாட்டினா பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி, உறிஞ்சிற குழாய் காத்துல நிக்கும். முள்ளு மட்டும் ஏதோ காட்டும். தட்டையான இடத்துக்கு தள்ளிட்டு, சாவிய மூணு தரம் ஓன் ஆஃப் பண்ணி பம்ப ஓடவிட்டு அடிங்க. மலைநாட்டுல கால் டேங்க்குக்கு கீழ விடாம இருக்கிறது நல்லது, 500 ரூவாக்கு பெட்ரோல் அடிக்கிற நம்ம பழக்கம் கொழும்புல சரி, மேட்டுல சரிவராது.

சீசனுக்கு கொழும்புல இருந்து வந்தோம். பழைய கார், காலையில கறுப்புப் புகை, பெட்ரோல் நாத்தம், புடிக்கிறதுக்கு அரை மணி நேரம்.

ஏப்ரல் சீசன்ல இது தினம் ஒண்ணு. இந்த உயரத்துல காத்து கொழும்ப விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு லேசு. கார்புரேட்டருக்கு (பழைய வண்டியில பெட்ரோலயும் காத்தையும் கலக்குற சாமான்) அது தெரியாது, கொழும்பு கணக்குக்கே பெட்ரோல் ஊத்தும், காத்து பத்தாம ப்ளக் கறுத்துரும். சோக்க இழுத்து உடனே உள்ள தள்ளுங்க, எக்சிலேட்டர பம்ப் பண்ணாதீங்க, ப்ளக்க கழட்டி கம்பி பிரஷ்ல தேய்ச்சுப் போடுங்க. இங்க உள்ள பாஸ்கிட்ட டியூன் பண்ண வேணாம், ரெண்டு நாள்ல கீழ இறங்கினதும் அது வேற விதமா மக்கர் பண்ணும். இன்ஜெக்சன் வண்டி தானாவே சரிபண்ணிக்கும்.

ரம்பொடை மேடு ஏறி தேத்தண்ணி குடிக்க நிப்பாட்டினேன். பத்து நிமிஷத்துல ஸ்டார்ட் ஆகல, அரை மணி நேரம் கழிச்சு தானா ஆச்சு.

கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். நுவரெலியாவுல தண்ணியே 94 டிகிரி கிட்ட கொதிச்சிரும், அரிசி வேக நேரமாகுதுன்னு வீட்டுல சொல்லுவாங்களே, அதே கணக்குத்தான் பெட்ரோலுக்கும், உயரம் கூட கூட சீக்கிரம் ஆவியாகும். பம்ப் மேலயும் குழாய் மேலயும் நனைஞ்ச துணிய போட்டு பொனட்ட தொறந்து வைங்க, இன்னொரு பிளேன்டி குடிங்க. இன்ஜெக்சன் வண்டியில இதே மாதிரி சூட்டுல மட்டும் நின்னா கிராங்க் சென்சார் (இஞ்சின் சுத்துறத கம்பியூட்டருக்கு சொல்ற சாமான்) மேல சந்தேகப்படுங்க, சூடானா செத்து ஆறினா உசுர் வர்ற சாமான் அது.

டீசல் வேன். காலையில வெள்ளப் புகையா தள்ளுது, புடிக்க மாட்டேங்குது.

சுருள் மாதிரி மஞ்சள் லைட் எரியுதே, அது சிலிண்டர சூடாக்குற ஹீட்டர் ப்ளக்கோட லைட். அது அணையிற வரைக்கும் பொறுங்க, ரொம்ப குளிர்னா ரெண்டு தரம் ஹீட் பண்ணிட்டு அடிங்க. அதுக்கும் புடிக்கலைன்னா நாலு ஹீட்டர் ப்ளக்ல ஒண்ணோ ரெண்டோ கருகியிருக்கும், வயர கழட்டி பெட்டரி பிளஸ்ல இருந்து டெஸ்ட் பல்ப் ஒண்ணு வச்சு தொட்டா எரியிறது நல்லது, எரியாதது செத்தது.

செல்ப் நீளமா அடிச்ச பிறகுதான் புடிக்குதுன்னா ராத்திரியில டீசல் டேங்க்குக்கு திரும்ப இறங்குது, எங்கயோ காத்து இழுக்குது. பில்டர் மேல உள்ள கைப்பம்ப கெட்டியாகும் வரை அமுக்குங்க, பில்டர்ல இருக்கிற ஸ்க்ரூவ லேசா லூஸாக்கினா முட்டை முட்டையா நொரை வரும், நொரை நின்னு சுத்தமா டீசல் வந்ததும் இறுக்குங்க. பில்டருக்கு கீழ உள்ள மூடிய திறந்து ஒரு போத்தல்ல புடிச்சு வைங்க, பத்து நிமிஷத்துல அடியில தண்ணி தனியா நிக்கும். எங்க வேன்ல ஒருக்கா கால் கிளாஸ் வந்திச்சு.

எயார் கிளீனருக்குள்ள பெட்ரோல் துணி காட்டுறது, ஸ்ப்ரே அடிக்கிறது வேணவே வேணாம். ஹீட்டர் ப்ளக் செவக்க செவக்க இருக்கும்போது அது உள்ள போனா வெடிக்கும், மூஞ்சில முடி இல்லாத ஒரு டிரைவர எனக்கு தெரியும்.

ஹைபிரிட் கார், பட்டன் அமுக்கினா லைட் எரியுது, ரெடின்னு வரல. பெரிய பெட்டரி போச்சா? நெஞ்சு அடைக்குது.

மூச்ச விடுங்க. பெரும்பாலும் சின்ன 12 வோல்ட் பெட்டரிதான். பெரிய பெட்டரி எவ்வளவு ஃபுல்லா இருந்தாலும் கம்பியூட்டர எழுப்புறது இந்த சின்னதுதான். டொயோட்டா அக்வாவுல பின் சீட்டுக்கு கீழ இருக்கு, நிறைய பிரியஸ்ல டிக்கியில. அந்த பிரியஸுக்கு பொனட்டுக்குள்ள பியூஸ் பெட்டியில சிவப்பு மூடிக்கு கீழ ஜம்ப் குடுக்க பிளஸ் பொயின்ட் இருக்கு. அடுத்தவன் வண்டிக்கு ஜம்ப் குடுக்க உங்க ஹைபிரிட்ட பாவிக்காதீங்க. ஆரஞ்சு நிற கேபிள தொடவே வேணாம், ஆள கொல்ற வோல்டேஜ். "ஹைபிரிட் பெட்டரி மாத்தணும்"னு முதல் பார்வையிலேயே சொல்ற ஆள்கிட்ட இருந்து சாவிய வாங்கிட்டு வந்துருங்க.

சாவியவே கண்டுபிடிக்கலைன்னு காட்டினா ரிமோட் பெட்டரி வீக். டொயோட்டாவுல பிரேக்க மிதிச்சுக்கிட்டு ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன்லயே ஒட்டவச்சு, பீப் சத்தம் வந்ததும் பட்டன அமுக்குங்க. சாதா சாவி வண்டியில சாவி படம் போட்ட லைட் வெட்டி வெட்டி எரிஞ்சா இமொபிலைசர் (வேற சாவிக்கு ஸ்டார்ட் ஆகாம தடுக்கிற திருட்டுப் பூட்டு), ரெண்டாவது சாவிய போட்டுப் பாருங்க.

லீக்ஸ், கரட் தோட்டத்து பக்கம் வீடு. ரெண்டு மாசத்துல மூணு தரம் வயர் அறுந்திருக்கு.

எலி. குளிர்ல இஞ்சின் சூட்டுக்கு வந்து குடும்பம் நடத்துது, கூடு கட்ட வயர கடிக்குது. காலையில பொனட்ட தொறந்து புழுக்க, வைக்கோல், பாதி கடிச்ச கரட் இருக்கான்னு பாருங்க. நிரந்தர மருந்து எனக்கு தெரியாது, பூச்சி உருண்டை கட்டித் தொங்கவிட்டவங்க உண்டு, எலி அதையும் தாண்டி வந்திச்சு. வீட்டுச் சுவர் ஓரமா, விறகு குவியல் பக்கத்துல நிப்பாட்டாம வெளிய தள்ளி நிப்பாட்டினதுல எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு குறைஞ்சது.

2022 பெட்ரோல் தட்டுப்பாட்டுல கியூவுல நின்னு வாங்கி சேர்த்த பெட்ரோல் கான்ல இருக்கு, ஊத்தலாமா?

இல்ல. அது இப்ப பெட்ரோல் இல்ல, வார்னிஷ். இத கேட்டவர் ஒருத்தர் இல்ல, மூணு பேர். மாசக்கணக்கா நிக்கிற வண்டிக்கும் இதே கதை, 2020ல கார் இறக்குமதிய நிப்பாட்டி 2025லதான் திரும்ப விட்டாங்க, அந்த இடையில நிறைய பேர் மூலையில கிடந்த பழைய வண்டிய திரும்ப ரோட்டுல எடுத்தாங்க. பழைய பெட்ரோல இறக்கிட்டு புதுசா ஊத்தி, பில்டர மாத்திட்டு, அப்புறம் பெட்டரி.

வண்டிக்குள்ள வெள்ளத்தண்ணி போயிடுச்சு. காஞ்ச பிறகு ஸ்டார்ட் பண்ணி பார்க்கலாமா?

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமா வந்திச்சு. பண்ணாதீங்க. சாவியே போடாதீங்க. காத்த நசுக்கலாம் தண்ணிய நசுக்க முடியாது, சிலிண்டருக்குள்ள தண்ணி இருக்கும்போது செல்ப் அடிச்சா கொனெக்டிங் ரொட் வளையும், அதோட இஞ்சின் முடிஞ்சுது. பெட்டரி மைனஸ கழட்டுங்க. ஒயில் கம்பிய இழுத்துப் பாருங்க, பால் தேத்தண்ணி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. எயார் பில்டர் நனைஞ்சிருந்தா ப்ளக் எல்லாத்தையும் கழட்டி, கையால இஞ்சின சுத்தி தண்ணிய வெளியேத்தி, ஒயில் மாத்தின பிறகுதான் மத்தது. தூக்கிக்கிட்டுத்தான் கராஜுக்கு போகணும், வேற வழியில்லாம கட்டி இழுத்தாலும் கியர்ல விட்டு உருட்டிராதீங்க. இன்சூரன்ஸ் இருந்தா தண்ணி நின்ன மட்டத்தோட போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

த்ரீவீலுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனா சின்ன வேலை. ப்ளக்க கழட்டி, தொடைச்சு, அடுப்புல லேசா சூடு காட்டிப் போட்டா பத்துல ஏழு தரம் புடிச்சிரும். ப்ளக் மூடிக்குள்ள மழைத்தண்ணி நிக்குதான்னு பாருங்க.

வளைவுல, மிஸ்ட்ல நின்னுருச்சு. முதல்ல என்ன செய்ய?

இஞ்சின விடுங்க, ஆளுங்கள காப்பாத்துங்க. நாலு சிக்னலையும் போடுங்க, எல்லாரையும் மலைப்பக்கமா இறக்கி நிறுத்துங்க, டயருக்கு கல்லு வைங்க. வளைவுக்கு முன்னாடியே, பஸ்காரனுக்கு பிரேக் புடிக்க நேரம் இருக்கிற தூரத்துல ஒரு பச்சைக் கொப்ப ஒடிச்சு ரோட்டுல போடுங்க, நம்ம ஊர் டிரைவர்மாருக்கு முக்கோணத்த விட கொப்பு நல்லா விளங்கும். வேலை முடிஞ்சதும் அந்தக் கொப்பையும் கல்லையும் எடுத்து ஓரத்துல போட்டுட்டு போங்க, ராத்திரியில அந்தக் கல்லுல பைக்காரன் விழுந்தா அது உங்க பாவம்.

பாஸுக்கு போன் எடுத்தா என்ன சொல்லணும்? "வந்து பாருங்க"ன்னா பெரிய காசு கேக்கிறார்.

வண்டி, வருஷம், பெட்ரோலா டீசலா, மெனுவல் கியரா ஆட்டோ கியரா, கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு, அதுக்கு அப்புறம் யாராவது கை வச்சாங்களா, லைட் எரியுதா, என்ன சத்தம். இவ்வளவு சொன்னா அவர் சரியான சாமான கையில எடுத்துக்கிட்டு வருவார், ரெண்டு பயணம் ஒண்ணாகும். போன மாசம் டயகம பக்கத்துல இருந்து ஒரு தம்பி ஒண்ணும் சொல்லாம வாட்ஸ்அப்ல பத்து செக்கன் வொய்ஸ் மட்டும் அனுப்பினான். சேவல் கூவுது, யாரோ தண்ணி புடிக்கிறாங்க, நடுவுல டக டக டக டக, கடைசி டக்ல ரேடியோ பாட்டும் சேர்ந்து நிக்குது. டெர்மினல புடிச்சு திருப்பு தம்பின்னேன். அஞ்சு நிமிஷத்துல ரெண்டாவது வொய்ஸ் வந்திச்சு, அதுல இஞ்சின் ஓடுது, சேவல் இன்னும் கூவிக்கிட்டுத்தான் இருக்கு.